சான்பிரான்சிஸ்கோவில் ஓட்டுப் போடும் அனுபவம்: தகவல் புத்தகம், வரிசை ஓட்டு, கடைசியில் ஒரு காலிக் கோடு

2024 நவம்பர் தேர்தலுக்கு முந்தின மாதம் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். ஒருநாள் தபால் பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டு, "என்னம்மா இது, பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். வாக்காளர்களுக்கு நகரத் தேர்தல் துறை அனுப்புகிற தகவல் புத்தகம் அது. மறுநாளிலிருந்து காலைக் காப்பியோடு அவர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார், நான் வேலைக்குக் கிளம்பும்போது ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இதைப் பற்றி எழுதலாம் என்று எனக்கே தோன்றியது. புதிதாகக் குடியுரிமை வாங்கின நண்பர்கள் சிலரும் "ஓட்டு எப்படிப் போடறது, அந்தப் புத்தகத்தைப் படிக்கணுமா" என்று கேட்டிருந்தார்கள். அதனால் வீட்டுக்கு வரும் புத்தகம், தனியாக வரும் ஓட்டுச்சீட்டு, அப்புறம் எண்ணிக்கை, இந்த மூன்றையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். அந்தத் தேர்தலில் நகர அளவில் மட்டும் ஆங்கில எழுத்து ஏ முதல் ஓ வரை 15 தீர்மானங்கள், அதற்கு மேல் மாநிலத்தின் 10, எல்லாவற்றுக்கும் மக்கள் ஆம் அல்லது இல்லை போட வேண்டும். இதைக் கேட்டவுடனே பலருக்கு மலைப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் நகரத் தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் முதலில் வருகிற சுருக்கம் அருமையானது. இப்போது எப்படி இருக்கிறது, என்ன மாற்றச் சொல்கிறார்கள், ஆம் என்று போட்டால் என்ன அர்த்தம், இல்லை என்று போட்டால் என்ன அர்த்தம், இந்த நான்கே நான்குதான். கூடவே நகரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குத் துறைத் தலைவர் எழுதின குறிப்பும், இந்தத் தீர்மானம் எப்படி ஓட்டுச்சீட்டுக்கு வந்தது, யார் வைத்தார்கள் என்பதும் இருக்கும். இந்தச் சுருக்கத்தை எழுதுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் கூட்டம் போட்டு வார்த்தை வார்த்தையாகப் பேசி முடிவு செய்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அரசாங்கக் காகிதம் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்ல" என்றார்.

சுருக்கத்துக்குப் பின்னால் ஆதரித்தும் எதிர்த்தும் வாதங்கள். அதிகாரபூர்வமான ஒரு ஆதரவு வாதம், ஒரு எதிர்ப்பு வாதம், அவற்றுக்கு மறுப்பு, இவற்றுக்குக் காசு கிடையாது. அதற்கும் பின்னால் வருவது காசு கொடுத்துப் போடுகிற வாதங்கள், 200 டாலர் கட்டணம், அதற்கு மேல் ஒரு சொல்லுக்கு 2 டாலர். யார் பணம் கொடுத்தார்கள் என்று அடியில் போட்டிருப்பார்கள், அதை மட்டும் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இருந்தாலும் இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. பணம் இருக்கிறவர்கள் ஒரே தீர்மானத்துக்குப் பக்கம் பக்கமாக வாங்கிப் போடலாம் என்றால், நடுநிலையாக எழுதின சுருக்கத்துக்கு அத்தனை பாடுபட்டதே வீணாகிறது. கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் கையெழுத்துச் சேர்க்கவும் ஆளும் நேரமும் வேண்டுமே.

அப்புறம் வேட்பாளர்களின் பக்கங்கள். ஒருநாள் அப்பா கேட்ட கேள்வி இங்கேதான் ஆரம்பித்தது. பள்ளி வாரியத்துக்கு நிற்கிறவர்களின் பக்கத்தில் விரலை வைத்து, "இவங்க யாரும்மா, கட்சி பேரே இல்லையே, இதுல ஜெயிச்சு என்ன பண்ணுவாங்க?" என்றார்.

பள்ளி வாரியம் என்றால் இந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்துகிற 7 பேர் கொண்ட சபை. நான்கு வருடப் பதவி, ஊர் முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. எந்தப் பள்ளியை மூடுவது, கணக்குப் பாடத்தை எந்த வகுப்பில் எப்படித் தொடங்குவது, பள்ளிகளின் நிர்வாகத் தலைவரான கண்காணிப்பாளராக யாரை வைப்பது எல்லாம் இவர்கள் கையில். என் பையன் படிக்கிற பள்ளி இவர்கள் முடிவில்தான் நடக்கிறது, அதனால் மேயர் யார் என்பதைவிட எனக்கு இந்த ஏழு பேர் முக்கியம். ஆனால் இந்த ஊரில் பள்ளி வாரியம் அரசியலின் முதல் படியாகவும் இருக்கிறது. ஜேன் கிம், எரிக் மார், நார்மன் யீ, சாண்ட்ரா ஃபியூவர், மேட் ஹேனி என்று வாரியத்தில் இருந்துவிட்டு நகரசபைக்குப் போனவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். (இங்கே நகரசபை உறுப்பினரை சூப்பர்வைசர் என்பார்கள், நம் ஊர் கவுன்சிலர் மாதிரிதான், ஆனால் மொத்தம் 11 பேர், அதிகாரம் அதிகம்.) ஒரு அம்மாவாக எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. பிள்ளைகளின் பள்ளியை ஏணியாக மட்டும் பார்க்கிறார்களோ என்று ஒவ்வொரு தேர்தலிலும் சந்தேகத்தோடுதான் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறேன்.

அந்தச் சந்தேகத்தை எனக்குக் கொஞ்சம் குறைத்தவர் டாம் அமியானோ. அவர் கதையை அப்பாவிடம் சொன்னபோது காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டார்.

அமியானோ வாத்தியார். சிறப்புக் கல்வி படித்து இந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்தினவர். 1975-ல் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார், இந்த ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். 1978-ல் அப்படிப்பட்டவர்கள் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கவே கூடாது என்று ஒரு தீர்மானம் மாநில ஓட்டுக்கு வந்தது, அப்போது நகரசபை உறுப்பினராக இருந்த ஹார்வி மில்க்கோடு சேர்ந்து அதை எதிர்த்து வேலை செய்தவர்களில் அமியானோவும் ஒருவர். தீர்மானம் தோற்றது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1980-ல், அவர் பள்ளி வாரியத்துக்கு நின்றார். தோற்றார். 1988-ல் மறுபடி நின்று மறுபடி தோற்றார். 1990-ல் மூன்றாவது தடவை நின்று ஜெயித்தார், பிறகு வாரியத்தின் தலைவராகவும் ஆனார்.

"பத்து வருஷமா அதே நாற்காலிக்கா?" என்று கேட்டுவிட்டு அப்பா சிறிது நேரம் பேசவில்லை. "எங்க ஸ்கூல்ல பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரே ஒரு தடவை நின்னு தோத்தேன்மா, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல" என்றார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

1994-ல் அமியானோ நகரசபைக்குப் போனார். நகரத்தோடு ஒப்பந்தம் போடுகிற நிறுவனம் எதுவானாலும் ஊழியரின் கணவன் மனைவிக்குக் கொடுக்கிற சலுகையைச் சட்டப்படி பதிவு செய்த இணையருக்கும் கொடுக்க வேண்டும் என்று 1996-ல் ஒரு சட்டம் வந்தது, அதைக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். 1998 தேர்தலில் அதிக ஓட்டு வாங்கி சபையின் தலைவரானார். அடுத்த வருடம் மேயர் தேர்தல், வில்லி பிரவுன் பதவியில் இருக்கிறார். தேர்தலுக்குச் சுமார் மூன்று வாரம் இருக்கும்போது, சீட்டில் பெயர் அச்சடிக்கிற நாள் எல்லாம் போன பிறகு, நானும் நிற்கிறேன் என்று அமியானோ அறிவித்தார்.

பெயரே அச்சில் இல்லாமல் எப்படி நிற்பது? இந்த ஊர் ஓட்டுச்சீட்டில் மேயர் போன்ற நகரப் பதவிகளுக்குக் கடைசியில் ஒரு காலிக் கோடு இருக்கும். அச்சடித்த பெயர் எதுவும் வேண்டாம் என்றால் வாக்காளரே அந்தக் கோட்டில் ஒரு பெயரை எழுதலாம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், 1999 நவம்பரில் அந்தக் கோட்டில் எழுதினதை இப்போதும் கையை அசைத்துக் காட்டிச் சொல்வார், எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையில் பெயரை எழுதிக்கொண்டு போனாராம். அப்படி எழுதி எழுதியே அமியானோவுக்கு நான்கில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தது. முன்னாள் மேயர் ஃபிராங்க் ஜோர்டனின் பெயர் அச்சில் இருந்தது, அவரையும் தாண்டி அமியானோ இரண்டாம் இடம் வந்தார். பிரவுனுக்குப் பாதி ஓட்டு கிடைக்காததால் டிசம்பரில் இரண்டாம் சுற்று நடந்தது, அதில் பிரவுன் ஏறத்தாழ 60-க்கு 40 என்று ஜெயித்தார். 2003-ல் அமியானோ மறுபடியும் மேயருக்கு நின்றார், இந்தத் தடவை பெயர் அச்சில் இருந்தது, ஆனால் முதல் சுற்றோடு வெளியேறினார்.

மேயர் ஆகவே இல்லை. ஆனால் தோற்றுவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. 2006-ல் காப்பீடு இல்லாத நகரவாசிகளுக்கு மருத்துவம் கிடைக்கிற திட்டத்தை நகரசபையில் எழுதி நிறைவேற்றினார், பிறகு 2008 முதல் 2014 வரை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். இதைச் சொன்னதும் அப்பா புத்தகத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை நிற்கிறவர்களில் யார் யார் முன்னால் நின்று தோற்றவர்கள் என்று தேட ஆரம்பித்தார். தேடிக் கிடைக்கவில்லை. புத்தகத்தில் அந்தத் தகவல் இல்லை.

இது என்னுடைய பெரிய குறை. வேட்பாளர் பக்கத்தில் இருப்பது அவரே எழுதிக் கொடுத்தது. வேலை, படிப்பு, யார் யார் ஆதரிக்கிறார்கள், ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வேன். எல்லோருக்கும் ஒரே அளவு இடம், அது நியாயமான ஏற்பாடு, கோடி வைத்திருப்பவருக்கும் தெருவில் நின்று துண்டறிக்கை கொடுப்பவருக்கும் ஒரே பக்கம்தான். ஆனால் இதற்கு முன் எந்தப் பதவிக்கு எந்த வருடம் நின்றார், எத்தனை ஓட்டு வாங்கினார் என்று ஒரு சின்னப் பட்டியலைத் துறையே சேர்த்துப் போடலாம். கணக்கு எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. நாலாவது தடவையாக நிற்கிற ஒருவருக்கு அது அவமானம் இல்லை. 1980-ல் வாங்கினது எவ்வளவு, 1988-ல் எவ்வளவு, 1990-ல் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் ஊர் ஒரு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி நம்ப ஆரம்பித்தது என்று தெரியும். பதவி மாற்றி மாற்றி எது கிடைத்தாலும் சரி என்று நிற்கிறவரையும் அதே பட்டியல் காட்டிவிடும்.

சரி, ஓட்டுச்சீட்டுக்கு வருகிறேன். மேயர், நகரசபை போன்ற நகரப் பதவிகளுக்கு இங்கே வரிசை ஓட்டு. எனக்கு முதலில் பிடித்தவர் யார், இரண்டாவது யார், மூன்றாவது யார் என்று வட்டங்களை நிரப்ப வேண்டும், இப்போது பத்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள், இப்படியே ஒருவர் பாதியைத் தாண்டும் வரை. இதை மக்கள் 2002 மார்ச்சில் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள், 2004-லிருந்து நடைமுறையில் இருக்கிறது, 1999-ல் நடந்த மாதிரி டிசம்பரில் தனியாக இரண்டாம் சுற்று நடத்துவது அதோடு நின்றது. அப்பாவுக்கு ஒரு காகிதத்தில் எட்டு ஓட்டு எழுதி நீக்கிக் காட்டினேன், இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

திரும்பத் திரும்ப நிற்கிறவர்களுக்கு இந்த முறை ரொம்ப உதவுகிறது என்று நினைக்கிறேன். "எனக்கு இவரைப் பிடிக்கும், ஆனால் ஜெயிக்க மாட்டார், ஓட்டு வீணாகிவிடும்" என்கிற பயம் இதில் இல்லை. மனதுக்குப் பிடித்தவரை முதலில் போட்டுவிட்டு, ஜெயிக்க வாய்ப்புள்ளவரை இரண்டாவதாகப் போடலாம். 2018 மேயர் தேர்தலில், முன்னாள் பள்ளி வாரிய உறுப்பினரான ஜேன் கிம்மும் இன்னொரு வேட்பாளரான மார்க் லெனோவும் "எங்கள் இருவரையும் முதலும் இரண்டுமாகப் போடுங்கள்" என்று சேர்ந்தே கேட்டார்கள். கிம் மூன்றாவது வந்தார், அவர் ஓட்டில் பெரும்பகுதி லெனோவுக்குப் போனது, அப்படியும் எதிர்த்து நின்ற லண்டன் பிரீட் சுமார் ஒரு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். யார் மேயர் என்று தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி வாரியத்துக்கு வரிசை ஓட்டு கிடையாது. எத்தனை இடமோ அத்தனை பேர் வரை தேர்வு செய்யலாம், அதிக ஓட்டு வாங்கினவர்கள் உள்ளே போவார்கள். ஒரே சீட்டில் இரண்டு விதமும் இருப்பதால் மேலே எழுதியிருக்கிற குறிப்பை ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டு நிரப்புங்கள்.

சீட்டு எல்லோருக்கும் தபாலில் வந்துவிடும், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்ட வேண்டாம். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, ஏழு நாளைக்குள் போய்ச் சேர்ந்தால் எண்ணுவார்கள். பதிவு செய்துகொண்டால் சீட்டு கிளம்பியது, வந்தது, எண்ணியாயிற்று என்று போனுக்குச் செய்தி வரும். எண்ணிக்கை மெதுவாகத்தான் நடக்கும், தினமும் மாலை நான்கு மணிவாக்கில் புதுக் கணக்கை வெளியிடுவார்கள். மெதுவாக இருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை, கையெழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் நேரம் ஆகத்தான் செய்யும். ஓட்டுச்சீட்டுகளின் படங்களையே இணையத்தில் போடுகிறார்கள், வேண்டுமானால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு. 2016-ல் இந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, இங்கே படிக்கிற வயதில் பிள்ளை இருக்கிற பெற்றோர் குடிமக்களாக இல்லாவிட்டாலும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். 2018-ல் முதல் தடவை அமலுக்கு வந்தபோது என்னிடம் கிரீன் கார்டுதான் இருந்தது. படிவம் வாங்கி வந்தேன். நீங்கள் தருகிற பெயரும் முகவரியும் குடிவரவுத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று அதோடு ஒரு எச்சரிக்கை இருந்தது, மறைக்காமல் சொன்னது நல்லதுதான், ஆனால் அதைப் படித்த பிறகு என் கை ஓடவில்லை. படிவம் மேஜை இழுப்பறையிலேயே இருந்துவிட்டது. பின்னால் 2022-ல் ஒரு நீதிபதி இந்த உரிமை செல்லாது என்றார், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பதிய வேண்டும். பதிவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், இதில் யார் சொல்வதையும் நம்பி அவசரப்பட வேண்டாம், நான் சொல்வதையும்தான்.

குடியுரிமை வந்த பிறகு என் முதல் ஓட்டு 2022 பிப்ரவரி 15. அது பள்ளி வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரைத் திரும்ப அழைப்பதா வேண்டாமா என்ற தேர்தல், மூன்று பேரும் பதவி இழந்தார்கள். அதே சீட்டில் காலியான சட்டமன்ற இடத்துக்கு மேட் ஹேனியின் பெயரும் இருந்தது, அவரும் ஒரு காலத்தில் பள்ளி வாரியத்தில் இருந்தவர். பதவி நீக்கப்பட்டவர்களில் கேப்ரியேலா லோபஸ் அதே வருடம் நவம்பரில் மறுபடி வாரியத்துக்கு நின்றார், தோற்றார். எனக்கு அவருடைய முடிவுகளில் பல பிடிக்கவில்லை. ஆனால் ஒன்பது மாதத்தில் அதே மக்கள் முன்னால் வந்து நிற்பதற்கு அவருக்கு ஒரு பக்கம் கொடுத்த இந்தப் புத்தகத்தைப் பிடித்திருந்தது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். காசுக்குப் போடும் வாதங்களுக்கு அரை, முந்தின தேர்தல் கணக்கு இல்லாததற்கு அரை கழித்திருக்கிறேன். தமிழில் இல்லையே என்று கழிக்கவில்லை, ஆங்கிலம், சீனம், ஸ்பானிஷ், பிலிப்பினோ என்று இருக்கிறது, நம் ஆட்கள் இந்த ஊருக்குள் குறைவு. காகிதம் வேண்டாம் என்றால் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அச்சுப் புத்தகமே வரட்டும்.

சீட்டை நிரப்பின அன்றைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மேயர் பட்டியலின் கீழே விரலை வைத்து, "அந்த வாத்தியார் பேரை இந்தக் கோட்டுலதான் எழுதுனாங்களா?" என்று கேட்டார். ஆமாம் அப்பா, இதில்தான் என்றேன். யாராவது அந்தக் கோட்டைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு குறிப்பு: மனதில் பட்ட எந்தப் பெயரை எழுதினாலும் எண்ண மாட்டார்கள், முன்கூட்டியே மனு கொடுத்துத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். மனு கொடுக்கிற கெடு தேர்தலுக்கு 14 நாள் இருக்கும்போது முடியும், தகுதி பெற்றவர்களின் பட்டியலை வாக்குச்சாவடியில் கேட்டால் காட்டுவார்கள். பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வட்டத்தையும் மறக்காமல் நிரப்புங்கள்.